நீலாம்பாள் எடுத்த தூசி

குத்தாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தப் பட்டறைத் தெருவில் யாருக்காவது கண்ணில் எதுவாவது விழுந்துவிட்டால் முதலில் எழும் சத்தம், "தேய்க்காத!" என்பது. அடுத்த சத்தம், "நீலாம்பா அக்காகிட்ட ஓடு!" என்ன விழுந்தது என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். அங்கே கண்ணில் விழுவதற்கெல்லாம் ஒரே பெயர்தான். நெல் சுணை விழுந்தாலும் தூசி, பதராய்ப் போன கருக்காய் விழுந்தாலும் தூசி, கிரைண்டரில் தெறித்த இரும்புப் பொடி விழுந்தாலும் தூசிதான். தூசி என்றால் எடுத்துவிட வேண்டியது. எடுத்துவிட்டால் மறந்துவிட வேண்டியது.

நீலாம்பாளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவர் தியாகேசன் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அவள் ஐந்து மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, சம்பா முடிந்ததும் உளுந்து தெளித்து, யாருக்கும் தலைவணங்காமல் குடும்பம் நடத்துகிறவள். கண்ணில் தூசி எடுக்க அவளுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. கல்யாணமான புதிதில், களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்த தியாகேசனின் மேல் இமைக்குள் கருக்காய் ஒன்று ஒட்டிக்கொண்டது. மனுஷன் துடித்தார். இவள் தீக்குச்சியால் இமையைப் புரட்டி, நாக்கு நுனியால் ஒரு வழி வழித்தாள், வந்துவிட்டது. புதுப் பெண்டாட்டி நடுக்களத்தில் கண்ணை நக்கியதை ஊரே பார்த்துவிட்டது என்று தியாகேசன் அன்று முழுக்கத் தலை நிமிரவில்லை. ஆனால் மறுநாளே வேறொருவர் கண்ணைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

அதிலிருந்து அது நிற்கவே இல்லை. வந்தவரை வெளிச்சம் பார்த்து நாற்காலியில் உட்காரவைப்பாள். உப்பு போட்ட வெந்நீரில் வாயைக் கொப்பளிப்பாள். இமையைப் புரட்டி நாக்கால் தடவி, கிடைத்ததை ஒரு வெற்றிலையில் துப்பி, "பாரு, இதுதான்" என்று காட்டுவாள். காசு வாங்க மாட்டாள். வாங்கினால் கைராசி போய்விடும் என்பது ஊர் நம்பிக்கை, அவளுக்கும் அந்த நம்பிக்கை உண்டு. காசுக்குப் பதில் கிடைத்தது மரியாதை. கல்யாண வீட்டில் கவுன்சிலர் நின்றுகொண்டிருப்பார், நீலாம்பாளுக்கு நாற்காலி வரும். இது அவளுக்குப் பிடித்திருந்தது. பிடிக்காது என்று அவளும் ஒருநாளும் நடித்ததில்லை.

இனிச் சொல்லப்போவது தியாகேசனுக்குக்கூடத் தெரியாது. கண்ணில் கீறல் விழுந்துவிட்டால், தூசி போன பிறகும் உள்ளே ஏதோ உறுத்துகிற மாதிரியே இருக்கும். ஒரு முறை டிராக்டர் டிரைவர் ஒருவருக்குத் தூசி நாக்கோடு வந்துவிட்டது. வந்ததை எச்சிலோடு விழுங்கித் தொலைத்துவிட்டாள். அவரோ, "இன்னும் இருக்குக்கா, உறுத்துது" என்று நாற்காலியை விட்டு எழவே இல்லை. உள்ளே ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தெரியும். சொன்னால் நம்பவேண்டுமே! பக்கத்தில் முறத்தில் உடைத்த உளுந்து கிடந்தது. வாய் கொப்பளிக்கப் போகிற சாக்கில் கருப்புத் தோல் ஒன்றைக் கிள்ளிக் கன்னத்துக் கொடுப்புக்குள் ஒதுக்கிக்கொண்டு வந்தாள். மறுபடி நாக்கால் ஒரு வழி வழித்து வெற்றிலையில் துப்பினாள். "அடேயப்பா, எவ்ளோ பெருசு!" என்று அவர் எழுந்துவிட்டார். உறுத்தலும் அந்த நிமிஷமே நின்றுவிட்டது.

அன்றிலிருந்து யாருக்குத் தூசி எடுத்தாலும் கொடுப்புக்குள் ஒரு துணுக்கு உளுந்துத் தோல் தயாராக இருக்கும். நிஜமாகவே தூசி கிடைத்தால் தோலை விழுங்கிவிடுவாள். கிடைக்காவிட்டால் தோலைக் காட்டுவாள். இது ஏமாற்று இல்லையா என்று யாராவது கேட்டிருந்தால் நீலாம்பாளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்திருக்கும். ஆள் எழுந்து போகிறார், கண் சரியாகிறது, பின்னே என்ன வேண்டும் என்று அவள் தன் மனதோடு பேசி முடித்து வைத்திருந்தாள்.

கோவிந்தராசு விஷயத்திலும் அதுதான் நடந்தது. தெருவின் முதல் பட்டறை அவனுடையது. வாய்க்காலில் தண்ணீர் வந்து, சேற்றுழவுக்கு டிராக்டர்கள் எல்லாம் கேஜ் வீல் என்கிற இரும்புச் சக்கரம் மாட்ட அவன் வாசலில் வரிசை கட்டி நின்ற நாள் அது. துருப்பிடித்து இறுகிய போல்ட் ஒன்றை உளி வைத்துச் சம்மட்டியால் ஓங்கி அடித்தான். வலது கண்ணில் சுளீர் என்றது. உளியைப் போட்டுவிட்டு ஓடிவந்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"சீக்கிரம் எடுங்கக்கா, வண்டியெல்லாம் நிக்குது."

கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். உள்பக்கம் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு ரத்தப் பொட்டு. நாக்கால் தடவினாள், வழவழப்பு மட்டும்தான். மேல் இமையைப் புரட்டித் தடவினாள். மறுபடி கீழே. எதுவும் தட்டுப்படவில்லை. வெளியே ஒரு டிராக்டர்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். கோவிந்தராசு, "என்னக்கா, கெடைக்கலயா?" என்று கேட்டான். கிடைக்கலயா என்ற சொல் அவளுக்குப் பிடிக்காது. தோலைத் துப்பிக் காட்டினாள்.

"இவ்ளோதானா? இதுக்கா இந்த வலி!" என்று சிரித்துவிட்டு அவன் பட்டறைக்கு ஓடினான். இரண்டு மூன்று நாளில் கண்ணின் சிவப்பு மறைந்துவிட்டது. இருவரும் அதை மறந்துபோனார்கள்.

குறுவைப் பயிர் தூர் கட்டும் சமயத்தில் கோவிந்தராசுக்கு ஒன்று இரண்டாகத் தெரிய ஆரம்பித்தது. நேராகப் பார்த்தால் தொல்லையில்லை. தலைக்கு மேலே இருக்கிற எதையாவது நிமிர்ந்து பார்த்தால் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு. பஸ் போர்டு இரண்டு, கோயில் மணி இரண்டு. மேலே பார்த்து வெல்டிங் வைத்தால் பற்றவேண்டிய இடத்தில் பற்றாமல் வேறெங்கோ பற்றியது. தாடையைத் தூக்கிக்கொண்டு கண்ணைத் தாழ்த்திப் பார்க்கப் பழகினான். "மாப்ள காலங்காத்தாலேயே ஊத்திட்டாரு போல" என்று தெரு சிரித்தது. அவனும் கொஞ்ச நாள் சேர்ந்து சிரித்தான். ஒரு நாள் ஏணியில் அடுத்த படி என்று நினைத்து வெறும் காற்றில் கால் வைத்தான். அதோடு சிரிப்பு நின்றது.

கும்பகோணத்தில் காட்டினான். அங்கிருந்து தஞ்சாவூருக்கு, டாக்டர் அனுராதாவிடம் அனுப்பினார்கள். அந்த அம்மாள் கண் அசைவுக் கோளாறுகளை மட்டுமே பார்க்கிறவர். ஒரு பேனாவை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார். இடது கண் பேனாவோடு மேலே போனது. வலது கண் பாதியில் நின்றுவிட்டது.

"ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசை சேர்ந்து ஆட்டுது. உங்களுக்கு அடியில இருக்கிற தசை இறுகிப்போய் கண்ணக் கீழேயே புடிச்சு வச்சிருக்கு. தைராய்டு இருந்தாலும் இப்படி ஆகும், தசை வீங்கினாலும் ஆகும். கண்ணுல அடிகிடி பட்டுச்சா?"

"இல்லீங்க" என்றான் கோவிந்தராசு. அடி என்றால் விழுந்து அடிபடுவது. தூசி எப்படி அடியாகும்?

"என்ன தொழில்?"

"விவசாயம்ங்க."

இதில் பொய் இல்லை என்பதுதான் வேடிக்கை. எங்கள் பக்கத்தில் அப்பன் வழி ஒரு மா நிலம் இருந்தால் போதும். பட்டறை வைத்திருக்கட்டும், துபாயில் கிரேன் ஓட்டட்டும், தொழில் என்று கேட்டால் வாயில் வருவது விவசாயம்தான். டாக்டரும் விவசாயம் என்றே எடுத்துக்கொண்டார். ரத்தப் பரிசோதனையில் தைராய்டு சரியாக இருந்தது. "எம்.ஆர்.ஐ. எடுத்துருவோம். தசை ஒவ்வொண்ணும் தனித்தனியாத் தெரியும். எது எதனால இறுகியிருக்குன்னு பாத்துட்டு, மருந்தா ஆபரேஷனான்னு முடிவு பண்ணலாம்" என்றார்.

ஸ்கேனுக்குப் போகும் நாளில் கோவிந்தராசின் மனைவி மாலதி நேராக நீலாம்பாள் வீட்டுக்கு வந்தாள். "அக்கா, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. நீங்க கூட வந்தா எனக்கு தைரியமா இருக்கும். கண்ணப் பத்தி உங்களுக்குத் தெரியாததா?" என்றாள். மாலதி தன் பெண் சுவேதாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்ததும் மூன்று பேரும் பஸ் ஏறினார்கள். நீலாம்பாள் நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டாள். டாக்டர் ஏதாவது கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தாள்.

தஞ்சாவூரில் அந்த ஸ்கேன் சென்டர் டாக்டரின் ஆஸ்பத்திரிக்கு எதிர்க் கட்டடத்தில், கீழ்த்தளத்தில் இருந்தது. உள்ளே ஏசி எலும்பைக் குடைந்தது. சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து டக் டக் டக் என்று சத்தம் வந்துகொண்டிருந்தது. கதவுக்கு முன்னால் தரையில் மஞ்சளாக ஒரு கோடு. கலந்தர் என்கிற டெக்னீஷியன், முப்பது வயதுக்குள் இருப்பார், கோவிந்தராசை உட்காரவைத்துக் கேட்க ஆரம்பித்தார்.

"வாட்ச், மோதிரம், பர்ஸ் எல்லாம் கழட்டிடுங்க. அரைஞாண்ல தாயத்து இருக்கா? அதையும். உடம்புக்குள்ள பிளேட்டு, ஸ்க்ரூ ஏதாவது வச்சிருக்காங்களா?"

"இல்லீங்க."

"கண்ணுக்குள்ள இரும்பு ஏதாவது இருக்கா?"

"இல்லீங்க" என்றான் கோவிந்தராசு, பளிச்சென்று. கேள்வி இருக்கா என்பது. இல்லை, எடுத்தாகிவிட்டது, அவனே வெற்றிலையில் பார்த்தான். கேட்ட கேள்விக்குச் சரியாகத்தான் பதில் சொன்னான். சொல்லிவிட்டு உடை மாற்றும் அறைக்குள் போனான்.

மாலதிக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. "ஏன் தம்பி, இரும்பக் கேக்குறீங்க?"

"உள்ள இருக்கிறது பெரிய காந்தம்மா. இந்த மெஷின் காந்தத்த வச்சுத்தான் படம் எடுக்குது. நாங்க சுவிட்சப் போட்டாத்தான் இழுக்கும்னு நெனச்சுடாதீங்க. ராத்திரி பகல் இழுத்துக்கிட்டேதான் இருக்கும். அதனாலதான் அந்தக் கோடு. கண்ணுல மட்டும் துளி இரும்பு இருந்துச்சுன்னா, உள்ள போனதுமே அது கண்ணுக்குள்ளயே நகர ஆரம்பிச்சிடும். கிழிச்சுக்கிட்டுப் போயிடும். பார்வை அவ்ளோதான்."

மாலதி, "அம்மாடி" என்று நெஞ்சில் கை வைத்துவிட்டு, நல்லவேளை நமக்கு அப்படி ஒன்றும் இல்லை என்கிற நிம்மதியில் நீலாம்பாளைப் பார்த்தாள். நீலாம்பாளின் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது.

வலது கண். சம்மட்டி அடித்த அன்று சுளீர் என்றதும் வலது கண்தான். இப்போது மேலே போகமாட்டேன் என்பதும் அதே கண்தான். கீழ் இமைக்குள் அந்த ரத்தப் பொட்டு. இறுகியிருப்பதும் அடித் தசை என்று டாக்டர் சொன்னாராம். ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்க்க அவளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அன்றைக்குத் தன் நாக்கில் எதுவும் படவில்லை என்பது அவளைத் தவிர இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது.

தானாக வெளியே விழுந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். பாதிப் பேருக்குக் கண்ணீரோடு தானே வந்துவிடும், அவளே எத்தனை பார்த்திருக்கிறாள்! இது தைராய்டாக இருக்கும், வாதமாக இருக்கும். சொல்லிவிட்டுப் பிறகு ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டால்? இத்தனை வருஷமாக ஊரை ஏமாற்றினாள் என்ற பெயர் மட்டும் மிஞ்சும். அந்தத் தெருவில் மறுபடி எப்படி நடப்பது? அவளுக்கு அழுகை வந்தது. தன் மேலேயே ஆத்திரமாகவும் வந்தது. இதை எல்லாம் வெளியே காட்டாமல் மாலதியின் கையைப் பிடித்தாள்.

"மாலதி, இப்ப ராகு காலம்டி. இன்னொரு நாளைக்கு வச்சுக்கலாம்."

"மெஷினுக்கு ஏதுக்கா ராகு காலம்?"

"இல்லடி, எனக்கு என்னவோ மனசு சரியில்ல."

"பயப்படாதீங்கக்கா. நீங்களே இப்படிப் பயந்தா நான் என்ன பண்ணுவேன்?" என்று மாலதி அவளுக்குத் தைரியம் சொன்னாள். தைரியம் சொல்ல அழைத்து வந்தவளுக்கே தைரியம் சொல்லும்படி ஆகிவிட்டது.

டக் டக் சத்தம் நின்றது. கதவு திறந்து, முன்னால் போயிருந்த ஒரு பெண் வெளியே வந்தாள். நீலாம்பாள் எழுந்து கலந்தரிடம் போனாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தம்பி, ஒருத்தருக்குத் தெரியாமலே உள்ள ஏதாவது இருந்தா மெஷினே முன்னாடி சொல்லிடும் இல்ல?" என்று கேட்டாள். அவர் ஆமாம் என்று சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்த தெய்வத்தையெல்லாம் வேண்டிக்கொண்டாள்.

"மெஷின் சொல்லாதும்மா, இழுத்துரும். நாங்க கேக்கணும், அவங்க சொல்லணும். அது ஒண்ணுதான் வழி" என்றார் கலந்தர், கையில் இருந்த வேலையைப் பார்த்துக்கொண்டே. பிறகு நிமிர்ந்து, "ஏம்மா, ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தாள். "இல்ல தம்பி, சும்மா கேட்டேன்" என்றுதான் வந்தது.

உடை மாற்றும் அறையிலிருந்து கோவிந்தராசு வெளியே வந்தான். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நிற்கிற பச்சை அங்கி, வெறுங்கால், இடுப்பில் அரைஞாண்கூட இல்லாததால் அவனுக்கே வெட்கம். தாடையைத் தூக்கியபடி மாலதியைப் பார்த்துச் சிரித்தான். நீலாம்பாளிடம், "வரேன்கா" என்றான். கலந்தர் கனத்த கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். உள்ளே வெள்ளையாக, வாய் திறந்தபடி அந்த மெஷின் தெரிந்தது. கோவிந்தராசு மஞ்சள் கோட்டை நோக்கி நடந்தான்.

"நில்லுடா ராசு!"

அவ்வளவு சத்தமாக அவள் வாழ்நாளில் கத்தியதில்லை. கோவிந்தராசின் கால் கோட்டின் மேல் நின்றது. நீலாம்பாள் ஓடிப்போய் அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

"தம்பி, கதவச் சாத்துங்க. இவன் கண்ணுக்குள்ள இரும்பு இருக்கு."

கலந்தர் ஒரு கேள்வியும் கேட்காமல் கதவைச் சாத்தினார். அதன் பிறகுதான், "அவரே இல்லைன்னு சொன்னாரேம்மா?" என்றார்.

"ஆமாங்கக்கா" என்றான் கோவிந்தராசு. "அது அன்னிக்கு விழுந்த தூசி. நீங்கதானே எடுத்தீங்க? நான் என் கண்ணால பாத்தேனே."

"நீ பாத்தது இரும்பு இல்லடா."

"பின்ன?"

"உளுந்துத் தோலு."

யாருக்கும் புரியவில்லை. கலந்தர் மாலதியைப் பார்த்தார், மாலதி கோவிந்தராசைப் பார்த்தாள். இனி முழுக்கச் சொன்னால்தான் உண்டு என்று ஆகிவிட்டது. நீலாம்பாள் சொன்னாள். கொடுப்புக்குள் தோலை ஒதுக்குவதை, நாக்கில் ஒன்றும் படாததை, ஹாரன் சத்தத்தை, வெற்றிலையில் துப்பியதை எல்லாம் சொன்னாள். அங்கே காத்திருந்த முன்பின் தெரியாத நாலு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கோவிந்தராசு தன் கையை அவள் பிடியிலிருந்து உருவிக்கொண்டான். குனிந்த தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் உயர்த்தி அவள் முகத்தைப் பார்த்தான். கண்ணை உயர்த்தினால் அவனுக்கு எல்லாமே இரண்டுதானே. "மேல ஒரு அக்கா தெரியுது, கீழ ஒரு அக்கா தெரியுது. இதுல எந்த அக்கா சொல்றத நான் நம்புறது?" என்றான். கிண்டலாகத்தான் ஆரம்பித்தான். முடிக்கும்போது அது கிண்டலாக இல்லை.

கலந்தர் போனில் டாக்டரிடம் பேசினார். எம்.ஆர்.ஐ. வேண்டாம், சி.டி. எடுங்கள் என்று உத்தரவு வந்தது. சி.டி.யில் காந்தம் கிடையாது. எக்ஸ்ரே மாதிரிதான், இரும்பு இருந்தால் காட்டிக்கொடுக்கும், இழுக்காது என்று மாலதிக்கு விளக்கிவிட்டு, கோவிந்தராசைப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனார். நீலாம்பாள் ஓர் ஓரமாகத் தனியாக உட்கார்ந்தாள். மாலதி எதிர்ச் சுவரோரம் போய் நின்றுகொண்டாள். நீலாம்பாளின் மனதில் இரண்டு வேண்டுதல் ஒன்றையொன்று பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தன. இரும்பு இருக்கக் கூடாது, பிள்ளையின் கண் தப்ப வேண்டும். இரும்பு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இத்தனையும் சொன்னது வீண். இரண்டாவது வேண்டுதல் வந்ததற்காக அவளுக்குத் தன்னை நினைத்தாலே அருவருப்பாக இருந்தது.

டாக்டர் அனுராதா தெருவைத் தாண்டி வந்து சேரும்போது படம் தயாராகியிருந்தது. மூன்று பேரையும் திரைக்கு முன்னால் கூப்பிட்டார். சாம்பல் நிறத்தில் இரண்டு உருண்டைகள், அவை கோவிந்தராசின் கண்கள். பக்கவாட்டுப் படத்தில் ஒவ்வொரு உருண்டைக்கும் மேலேயும் கீழேயும் பட்டையாகத் தசை. வலது கண்ணின் கீழ்ப் பட்டை இடதைவிடத் தடித்திருந்தது. அந்தத் தடிப்பின் நடுவில், உருண்டையை ஒட்டினாற்போல, வெள்ளை வெளேரென்று ஒரு புள்ளி. புள்ளியிலிருந்து சுற்றிலும் மெல்லிய கீற்றுகள் சிதறியிருந்தன.

"இரும்புதான். எள்ளு அளவுகூட இல்ல. உளியோ போல்ட்டோ செதில் தெறிச்சு, கண்ணுக்குள்ள போகாம அடியில நழுவித் தசையில தச்சிருக்கு. தசை அதச் சுத்திக் கட்டிப்போய் இறுகிடுச்சு. அதனாலதான் கண்ணு மேல ஏறல." டாக்டர் புள்ளிக்கும் உருண்டைக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பேனாவால் காட்டினார். இடைவெளி என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. "நாம எடுக்க இருந்த மெஷினுக்குள்ள போயிருந்தா, இது நேரா இங்கதான் பாஞ்சிருக்கும். ஏங்க, என்ன தொழில்னு நான் கேட்டப்ப விவசாயம்னு சொன்னீங்களே!"

"நெலமும் இருக்குங்க" என்றான் கோவிந்தராசு.

"கண்ணு திரும்பச் சரியாகிடுமா டாக்டர்?" என்று மாலதி கேட்டாள்.

"பார்வைக்கு ஒண்ணும் ஆகாது. ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம். ரெண்டா தெரியுறது எவ்வளவு தூரம் சரியாகும்னு எடுத்த பிறகுதான் சொல்ல முடியும். அன்னிக்கே வந்திருந்தா தசையோட இப்படி ஒட்டியிருக்காது." டாக்டர் இதைச் சொல்லும்போது யாரையும் பார்க்கவில்லை. அவருக்குக் கலந்தர் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். போகும்போது மட்டும் நீலாம்பாள் பக்கம் திரும்பி, "நல்லவேளை சொன்னீங்க" என்றார். நீலாம்பாள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த நல்லவேளை தனக்கு உரியதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

கோவிந்தராசை அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். அவன் சட்டை மாற்றிக்கொள்ளப் போனான். மாலதி திரைக்கு முன்னால் அப்படியே நின்றாள். கலந்தர் படத்தை அணைத்த பிறகும் அந்தக் கருப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நீலாம்பாளிடம் வந்தாள். திட்டப்போகிறாள் என்று நீலாம்பாள் நினைத்தாள். திட்டட்டும், நாலு பேர் முன்னால் தலைமுடியைப் பிடித்து உலுக்கட்டும் என்றுகூட அவளுக்கு இருந்தது. அப்படியாவது தீர்ந்தால் சரி. மாலதியின் குரலில் கோபமே இல்லை.

"அக்கா, ஆடிப்பெருக்கு அன்னிக்கு நம்ம சுவேதா அவங்கப்பா கிரைண்டர் போடுறப்ப பக்கத்துல நின்னுட்டு, கண்ணுல தூசின்னு அழுதுக்கிட்டே உங்ககிட்ட வந்தாளே. எடுத்துக் காட்டுனீங்களே."

"ஆமா."

"அன்னிக்குக் காட்டுனது தூசியா, தோலா?"

நீலாம்பாள் நினைத்துப் பார்த்தாள். குழந்தையின் சின்ன இமை ஞாபகம் வந்தது. கால் இரண்டையும் உதறிக்கொண்டு அழுதது ஞாபகம் வந்தது. வெற்றிலையை நீட்டியதும், குழந்தை எட்டிப் பார்த்துவிட்டு அழுகையை நிறுத்தியதும் நன்றாக ஞாபகம் இருந்தது. நாக்கில் என்ன பட்டது, ஏதாவது பட்டதா என்பது மட்டும் ஞாபகத்தில் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி தேடினாள். எத்தனையோ பேரின் கண், எத்தனையோ வெற்றிலை, எல்லாவற்றிலும் ஒரே கருப்புத் துணுக்கு.

மாலதி காத்துக்கொண்டு நின்றாள். இந்த ஒரு தடவை தூசிதான் என்று சொல்லிவிட்டால் அந்தத் தாய் மூச்சு விடுவாள். அது நீலாம்பாளுக்குத் தெரிந்தது. அவள் நாக்குக்கு அது ஒன்றும் புதிதும் இல்லை.

"தெரியலம்மா" என்றாள் நீலாம்பாள். "எனக்குத் தெரியல. புள்ளைய இங்க கூட்டிட்டு வந்துடு."